பால்மரக்காடும் பல்கலைக்கழக வளாகமும்: திணைத் திறனாய்வு குறித்துச் சில வினாக்கள்

பேரா மாநிலத்தில் ஈப்போவுக்கு வடகிழக்கே கிந்தா ஆற்றை ஒட்டி அமைந்த சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். ஊர்ப்பெயரின் பிற்பகுதி ஒரு பழமரத்தைக் குறிக்கின்றது. எனினும் மலேசியத் தமிழர் பேச்சில் இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அம்மரம் எவர் நினைவுக்கும் வருவதில்லை. 1911ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பட்டு, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என வழங்கும் மனநல மருத்துவமனையே நினைவுக்கு வருகின்றது. ஒருவரை ஏளனம் செய்ய விரும்புவோர் 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்பர். அவ்வூரை அடுத்த தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், பள்ளி நாள்களில் ஊர்ப்பெயரைக் கேட்போரிடம் 'ஈப்போ' என்று மட்டும் கூறி நழுவியதுண்டு.

ஒரு பெயருக்குள் கண்ணெதிரே நிற்கும் மரம் செவியில் மறைந்துபோகும் இந்நிலை ஊர்ப்பெயருக்கு மட்டும் உரியதன்று. கடந்த இருபது ஆண்டுகளாக நம் பல்கலைக்கழகங்களில் நடைபெற்றுவரும் பல்லுயிர்ப் பாதுகாப்பு, நிலைத்தன்மைப் பணிகளையும், அவற்றுக்குத் துணையாகத் தமிழ்த்துறையினர் முன்வைக்கும் திணைசார்ந்த கட்டுரைகளையும் அருகருகே வைத்து நோக்கும்பொழுது, இரண்டிலும் ஒரே வகை மறைப்பு நிகழ்வதாக எனக்குத் தோன்றுகின்றது. மரங்கள் எண்ணப்படுகின்றன, அந்நிலத்தில் வேலை செய்தோர் எண்ணப்படுவதில்லை. இதனைச் சற்று விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளாகத்தின் முந்தைய நிலம்

மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு என்னும் தாவரவியல் பூங்கா 1974இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 80 ஹெக்டர் பரப்புடைய இப்பூங்காவில் ஆயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன. பனை வகைகள், பிரம்பு, மூங்கில், எலுமிச்சைக் குடும்பத்தின் காட்டு உறவினங்கள், மூலிகைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் உண்டு. உலர்தாவரத் தொகுப்பகமும் இதனுடன் இணைந்து இயங்குகின்றது. கோலாலம்பூர் நகரின் வளர்ச்சி நான்கு புறமும் நெருக்கும் சூழலில் இத்தகைய ஒரு பூங்கா அரை நூற்றாண்டு நிலைத்திருப்பது பாராட்டுக்குரியது. பூங்கா அமைந்த நிலம் அதற்குமுன் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. பழைய ரப்பர் மரங்கள் சில இன்றும் அங்கு நிற்கின்றன.

பேரா மாநிலத்திலும் நிலைமை இதனை ஒத்ததே. கம்பாரில் அமைந்த துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகமும், ஸ்ரீ இஸ்கண்டாரில் அமைந்த பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமும் ஈயம் தோண்டப்பட்ட நிலத்தில் எழுந்தவை. பின்னதன் கட்டடத்தொகுதி 2007ஆம் ஆண்டின் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. ஈயக்குட்டைகள் இன்று ஏரிகளாகிக் கொக்குகளுக்கும் நாரைகளுக்கும் இடமளிக்கின்றன. கிந்தா பள்ளத்தாக்கின் நடுவில் ஈயமும் ஓரங்களில் ரப்பரும் என்பதே எங்கள் ஊர்ப்புறத்தின் பழைய நில அமைப்பு. ஈயத்தில் பெரும்பாலும் சீனரும் ரப்பரில் பெரும்பாலும் தமிழரும் உழைத்தனர். ஆகவே நம் வளாகங்களின் 'பசுமை', ஏற்கெனவே ஒருமுறை காடு அழிக்கப்பட்டு, உழைப்புக்கு உட்பட்டு, பின்னர்க் கைவிடப்பட்ட நிலத்தின் மீது வளர்க்கப்பட்ட பசுமையாகும்.

இவ்வரலாறு நிலைத்தன்மை அறிக்கைகளில் இடம்பெறுவது அரிது. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் தரவரிசை இதற்கு நல்ல சான்று. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஆண்டுதோறும் இதில் பங்கேற்கின்றன. அமைவிடமும் உள்கட்டமைப்பும், ஆற்றலும் காலநிலை மாற்றமும், கழிவு, நீர், போக்குவரத்து, கல்வி என ஆறு கூறுகளாக மதிப்பெண் வழங்கப்படுகின்றது. ஆற்றலுக்கு 21 விழுக்காடு. நீருக்கு 10 விழுக்காடு. காடு சூழ்ந்த பரப்பு எவ்வளவு, நட்டு வளர்த்த செடிகொடிகளின் பரப்பு எவ்வளவு, மழைநீரை உறிஞ்சும் நிலம் எவ்வளவு என்னும் வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். இவை பயனுள்ள வினாக்களே. மழைநீர் வடியாத வளாகத்தில் விரிவுரைக்குச் செல்ல நேர்ந்தவர்கள் இவற்றைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். ஆனால் நிலம் இதற்குமுன் என்னவாக இருந்தது, அதில் யார் வாழ்ந்தார்கள் என்னும் வினாவை எழுப்புவது இத்தகைய படிவங்களின் இயல்பன்று. அறிவியலாளரிடம் இதனை எதிர்பார்ப்பது முறையாகாது. அவ்வினாவை எழுப்பும் கடமை மானிடவியல் துறைகளுக்கு உரியது. தமிழ்த்துறையினராகிய நாம் அதனைச் செய்கின்றோமா?

திணையை நாம் பயன்படுத்தும் முறை

இயற்கையும் சங்க இலக்கியமும் என்னும் ஆய்வுப்பொருளுக்கும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கும் உள்ள உறவு பழமையானது. 1961இல் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற தனிநாயக அடிகள், பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல் இன்றளவும் மேற்கோளாகின்றது. நிலத்தோற்றமும் கவிதையும் என்னும் பொருள்படும் தலைப்புடன் அதன் மறுபதிப்பு 1966இல் வெளிவந்தது. முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்ற ஆண்டும் அதுவே. தமிழகத்தில் நிர்மல் செல்வமணி, திணையை மாந்தரும் இயற்கையும் தெய்வமும் ஒருங்கு வாழும் இல்லமாகக் கண்டு, சூழலியல் திறனாய்வுக்கு ஒரு தமிழ் அடித்தளத்தை அமைத்தார். இவ்விருவர் பணியும் உழைப்பின் பயன்.

அவர்களைத் தொடர்ந்து நாம் எழுதுவன பற்றியே எனக்கு மனக்குறை உண்டு. சுற்றுச்சூழல் நாளையொட்டி நடைபெறும் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகளுக்கு ஏறக்குறைய ஒரே அமைப்பு வாய்த்துவிட்டது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன என்பது முதலில் கூறப்படும். மயிலுக்குப் போர்வையும் முல்லைக்குத் தேரும் ஈந்த வள்ளல்கள் தவறாமல் வருவர். ஐந்திணைப் பகுப்பு இன்றைய பல்லுயிர்ப் பாதுகாப்பின் முன்னோடி என நிறுவப்படும். இறுதியில் மரம் நடுமாறு கட்டுரையாளர் வேண்டிக்கொள்வார். நானும் இத்தகைய கட்டுரைகள் இரண்டு எழுதியிருக்கின்றேன். எனவே இதனைப் பிறர் குறையாக மட்டும் கூறவில்லை. கபிலரின் 99 பூக்களை ஒப்பிக்கும் நம்முள் எத்தனை பேருக்கு, நூலகத்திலிருந்து விரிவுரை மண்டபத்துக்குச் செல்லும் வழியிலுள்ள பத்து மரங்களின் பெயர் தெரியும்? வேறு பேராசிரியர் ஒருவர் என்னிடம் இவ்வாறு வினவியபொழுது நான்கோடு நின்றுவிட்டேன். அந்நான்கில் ஒன்று ரப்பர்.

பண்டைத் தமிழர் இயற்கையைப் பேணினர் என்று பொதுப்படக் கூறுவதிலும் இடர் உண்டு. கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதைப் பட்டினப்பாலை அவனது பெருமையாகவே பாடுகின்றது. காடழித்தல் அரசனின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்ட காலம் அது. இதனை மறைத்துவிட்டு முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வது திறனாய்வாகாது.

இவற்றினும் முதன்மையான குறை ஒன்றுண்டு. தொல்காப்பியம் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் என எட்டைக் கூறி, இத்தகைய பிறவும் என்று பட்டியலைத் திறந்தே விடுகின்றது. இவற்றுள் செய்தி என்பதற்குத் தொழில் என உரையாசிரியர் பொருள் கொள்வர். நம் சூழலியல் கட்டுரைகள் மரத்தையும் விலங்கையும் பறவையையும் விரும்பி எடுத்துக்கொள்கின்றன, தெய்வத்தை ஒரு பத்தியில் தொடுகின்றன, தொழிலை விட்டுவிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பல்லுயிர்ப் பதிவேடும் மரம், விலங்கு, பறவை என்பதோடு நிற்கின்றது. பதிவேட்டுக்கு அதற்கான காரணம் உண்டு. தொழிலை மரத்துக்கும் பறவைக்கும் பக்கத்தில் வைத்த ஒரு மரபைக் கையில் வைத்திருக்கும் நாமும் அவ்வாறே செய்வதற்குக் காரணம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை.

'காடு' என்னும் சொல்

மலேசியத் தமிழ்ப் புனைகதைகளைச் சூழலியல் நோக்கில் ஆராயும் மாணவர் ஆய்வேடுகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகின்றது. ரப்பர்த் தோட்டம் முல்லைத் திணைக்கு உரியது என்பதே அது. முல்லை என்பது காடும் காடு சார்ந்த இடமும். தோட்டத் தமிழர் ரப்பர்த் தோட்டத்தைப் 'பால்மரக்காடு' என்றனர். ஆகவே அவர்கள் அதனைக் காடாகவே உணர்ந்து இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என முடிவு கட்டப்படுகின்றது. மலேசியத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட அகிலனின் புதினத் தலைப்பும் (பால்மரக்காட்டினிலே) இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது.

இம்முடிவு ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததன் விளைவாகும். தமிழகத்தின் பல வட்டாரங்களில் காடு என்பது மரம் அடர்ந்த வனத்தை மட்டும் குறிப்பதில்லை. மழையை நம்பிப் பயிரிடும் புன்செய் நிலமும் காடே. 'காட்டு வேலை' என்றால் நிலத்தில் செய்யும் வேலை. 'காடுகரை' என்றால் ஒருவரது நிலபுலம். சோளக்காடு, பருத்திக்காடு என்பன வனங்களாகா. நம் முன்னோர் இப்பொருளுடனேயே அச்சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். மரம் சீவுதல் அல்லாத களையெடுப்பு, உரமிடுதல், மருந்தடித்தல் முதலியன தோட்டத்தில் 'வெளிக்காட்டு வேலை' எனப்பட்டன. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, கங்காணி ஆள் பிரித்து, பால்வெட்டுக்கு இத்தனை பேர், வெளிக்காட்டுக்கு இத்தனை பேர் என்று அனுப்புவார். பால்மரக்காடு என்னும் சொல்லில் ஒலிப்பது வனத்தின் நினைவன்று. கூலிக்குப் பாடுபடும் நிலத்தின் நினைவு.

'பால்மரம்' என்பதும் இவ்வகையில் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் ரப்பர் என்னும் பெயர், பென்சில் எழுத்தை அழிக்கப் பயன்பட்டதால் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. நம்மவர் சூட்டிய பெயர் பட்டையைச் சீவியதும் கசிவதைக் கண்டு சூட்டியது. வாங்கிப் பயன்படுத்தியவர் ஒரு பெயரும் வெட்டியவர் ஒரு பெயரும் இட்டனர். ஒட்டுப்பால், கட்டிப்பால், பால்கொட்டகை என அப்பெயரிலிருந்து கிளைத்த சொற்கள் ஒரு சிறு அகராதிக்குப் போதும்.

இனி முல்லைக்கு வருவோம். முல்லை நிலத்தைத் தீண்டப்படாத வனமாகக் கொள்வதும் உரைமரபுக்கு ஒவ்வாது. ஆநிரை மேய்த்தலோடு, வரகும் சாமையும் விளைத்தலையும் அவற்றுக்குக் களை கட்டுதலையும் முல்லைத் தொழில்களாக உரையாசிரியர்களும் பின்வந்த இலக்கண நூலாரும் குறிப்பிடுகின்றனர். களை கட்டுதல் என்னும் சொல்லைப் பார்த்தபொழுது எனக்கு வியப்பே மேலிட்டது. வெளிக்காட்டுப் பெண்களின் வேலை முல்லைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றது! ஆகவே தோட்டத்தை முல்லையோடு ஒப்பிடவே கூடாது என்று நான் கூற வரவில்லை. மரங்களின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடாமல் தொழிலை வைத்து ஒப்பிட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு தெளிவாகும். முல்லையில் களை கட்டுவோர் தம் வரகுக்காகக் கட்டினர். தோட்டத்தில் களையெடுப்போர் பிறரது மரத்துக்காக, நாட்கூலிக்கு எடுத்தனர். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், வீட்டில் காத்திருத்தல். தோட்டத்தில் பெண் இருளிலேயே எழுந்து, குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றாள். காத்திருந்தது குழந்தை. சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையாகக் காட்டுவது அறிஞர் அறிந்ததே. தோட்டத்தைத் திணையால் விளக்க முயல்வோர்க்கு அவ்விடமே பொருத்தமான தொடக்கமாக அமையலாம்.

நம் புனைகதையாளர்கள் இதனை ஆய்வாளரினும் நன்கு அறிந்திருந்தனர் எனலாம். சீ. முத்துசாமி 2006இல் வெளிவந்த தம் புதினத்துக்கு 'மண்புழுக்கள்' எனப் பெயரிட்டார். மண்ணைப் பண்படுத்தி, மண்ணிலேயே மிதிபடும் உயிர் அது. உழைப்பும் நிலமும் உயிரினமும் ஒரே சொல்லில் கூடிய இத்தகைய தலைப்பைப் பற்றி எழுதப்படவேண்டியது நிறைய உண்டு.

பெயர்ப்பலகையும் களைக்கொல்லியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தாயாரை ஒரு வளாகத்தின் மூலிகைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் தஞ்சோங் ரம்புத்தானை அடுத்த தோட்டத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளிக்காட்டு வேலை செய்தவர். செடிகளின் அருகே அறிவியற்பெயரும் மலாய்ப்பெயரும் பொறித்த பலகைகள் இருந்தன. அவற்றைப் படிக்க அவரால் இயலாது. ஆயினும் பலகையில்லாத செடிகளையே அவர் முதலில் பார்த்தார். பாதையோரத்துப் புல்வெளியில் குனிந்து கீழாநெல்லி, குப்பைமேனி, தொட்டாச்சிணுங்கி என ஒவ்வொன்றாகக் கூறினார். தமிழில் பெயர் வாய்க்காதவற்றுக்கு மலாய்ச் சொல்லைத் தமிழ் நாவுக்கு ஏற்றபடி திரித்து வைத்திருந்தார். லாலான் என்பது அவ்வாறு வந்ததே. சிலவற்றுக்குப் பெயர் இல்லை. 'இது வேர் விடாது, இழுத்தா வந்துடும்', 'இது கையை அறுக்கும்' என்னும் குறிப்பு மட்டுமே இருந்தது. கால் மணிநேரத்தில் நான் இருபத்து மூன்று செடிகளைக் குறித்துக்கொண்டேன்.

அவ்வேளையில் என் உள்ளத்தில் ஒரு கட்டுரை உருவாகிவிட்டது. தோட்டப் பெண்களின் மரபுவழித் தாவர அறிவு, அதனைப் புறக்கணிக்கும் பல்கலைக்கழகம் என்னும் கட்டுரை. எழுதுவதற்கு எளிது, பாராட்டும் கிடைத்திருக்கும். என் தாயார் அடுத்துக் கூறியது அதனை எழுதவிடாமல் செய்தது. "இதெல்லாம் நாங்க மருந்தடிச்ச புல்லும்மா. எது எதுக்கு எவ்வளவு கலக்கணும்னு தெரியணும்ல."

அவர் அச்செடிகளை அறிந்தது அவற்றைப் பேணியதால் அன்று, கொன்றதால். வேரோடு எது வரும், எது மருந்துக்கும் சாகாமல் மழைக்குப்பின் தழைக்கும், எதனைக் கீரையாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மருந்தடித்த பின் எத்தனை நாள் அதனைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவ்வறிவின் கூறுகள். இதனை 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று பெயரிடுவது அவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

அம்மருந்துகளுள் முதன்மையானது பாராகுவாட். தோட்டப் பெண்கள் அதனை முதுகில் சுமந்து தெளித்தனர். வெயிலில் முகக்கவசமும் கையுறையும் அணிந்து வேலை செய்ய இயலாது என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. ஆயினும் ஆய்வும் வந்தது. தெனாகானிதா அமைப்பு, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் செயற்கட்டமைப்புடன் இணைந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலை பற்றிய ஆய்வு நூலை 2002இல் வெளியிட்டது. அதே ஆண்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளன்றே முழுத் தடை நடப்புக்கு வந்தது. அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் இடையில் 18 ஆண்டுகள் கழிந்தன. தமிழ்ச் சூழலியல் கட்டுரைகள் பெருகியதும் இதே காலப்பகுதியில்தான். அவற்றுள் பாராகுவாட் என்னும் சொல் இடம்பெற்ற ஒன்றையேனும் நான் படித்ததில்லை. என் கட்டுரைகளிலும் அச்சொல் இல்லை.

பெயர்களைப் பற்றி மேலும் ஒரு செய்தியை இங்குக் குறிப்பிடலாம். எங்கள் ஊருக்கு அண்மையில், செம்மோர்ப் பகுதியில் குனோங் காந்தான் என்னும் சுண்ணாம்புக் குன்று உள்ளது. தமிழ்ச் செவிக்கு அது கந்தன் மலையாகவே ஒலிக்கும். அங்கு மட்டுமே வாழும் ஒரு வகைக் கதவுச் சிலந்திக்கு 1997இல் அக்குன்றின் பெயரே சூட்டப்பட்டது. குன்றின் ஒரு பகுதி சிமெண்டுக்காக வெட்டப்பட்டு வந்தது. 2014இல் அங்குக் கண்டறியப்பட்ட மிகச் சிறிய நத்தை ஒன்றுக்கு ஆய்வாளர்கள் லஃபார்ஜ் என்னும் சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே சூட்டினர். பெயர் ஒட்டிக்கொண்டால் பொறுப்பும் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. 2019இல் அந்நிறுவனத்தின் மலேசியப் பிரிவு கைமாறி வேறு பெயர் பெற்றது. நத்தைக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. பெயரிடுதல் என்பது அலங்காரச் செயலன்று என்பதை அறிவியலாளர் நம்மினும் நன்கு உணர்ந்துள்ளனர்.

வந்தேறி மரம்

என் கருத்துக்கு எழக்கூடிய வலிமையான மறுப்பு ஒன்றுண்டு. ரப்பர் மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. பிரேசிலிலிருந்து 1876இல் ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு முளைத்தவை சில ஆயிரங்களே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது பேராவின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவ்வொன்பதில் ஒரு மரம் இன்றும் அங்கு நிற்கின்றது. இம்மரத்துக்காகவே இந்நாட்டின் தாழ்நிலக் காடுகளில் பெரும்பகுதி அழிந்தது. எனவே வளாகத்தில் எஞ்சிய ரப்பர் மரங்களை நீக்கி மெராந்தி, செங்கால் போன்ற மண்ணின் மரங்களை நடுவதே பல்லுயிர்ப் பாதுகாப்பு எனச் சூழலியலாளர் கூறுவர். அவர்கள் கூற்று சரியே. ஒற்றைப்பயிர்த் தோட்டத்துக்காக நான் வாதாட முடியாது. தோட்டம் அழித்த காட்டில் ஒராங் அஸ்லி மக்களின் வாழ்வும் இருந்தது. கிந்தா ஆற்றின் மேற்பகுதியில் வளர்ந்த எவரும் இதனை மறக்க இயலாது.

கியூ பூங்காவில் இதைப் பற்றி நான் நெடுநேரம் எண்ணியதுண்டு. ஆய்வுப்பட்டத்துக்காக இலண்டனில் இருந்த ஆண்டுகளில், குளிர் தாங்காத நாள்களில் அங்குள்ள கண்ணாடி மாளிகைக்குச் செல்வேன். உள்ளே நம் ஊர் வெக்கை. உலர்தாவரத் தாளொன்றைப் பார்த்தால் சேகரித்தவர் பெயர், இடம், நாள், பெயரிட்டவர் பெயர் அனைத்தும் ஒரு மூலையில் இருக்கும். ஒரு செடியின் வரலாற்றை இத்துணை ஒழுங்குடன் எழுதிவைக்கும் மரபை மதிக்காமல் இருக்க முடியாது. அத்தாளில் மேலும் ஒரு வரிக்கு இடமுண்டு என்பதே என் எண்ணம்.

ஆகவே ரப்பர் மரங்களை வெட்டக்கூடாது என்பது என் கோரிக்கையன்று. அவை நிற்கும்வரை, அல்லது நின்ற இடத்திலேனும், ஒரு பலகை வேண்டும். இம்மரம் எங்கிருந்து வந்தது, இதற்காக எது அழிந்தது, இதனைச் சீவியவர் யார், எந்த மொழியில் என்ன பெயரிட்டனர் என்னும் நான்கு செய்திகள் அதில் இருக்கலாம். பூங்காவினர் இதனைத் தாமாக எழுத இயலாது. எழுதித் தருவது நம் பணி. இதற்குப் புதிய ஆய்வு மானியம் எதுவும் தேவையில்லை. தாவரவியலார் ஒருவரோடு ஒரு பிற்பகல் நடந்தால் போதும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் நம்மினும் பெரிய வாய்ப்புண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேற நேர்ந்த காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்க முனைந்தார். அவரும் எங்கள் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரே. அம்முயற்சியையும் மீறிப் பெரும்பாலான தோட்டங்கள் பின்னர் எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. பள்ளிகள் மட்டும் பல இடங்களில் எஞ்சின. பெயரில் 'தோட்டம்' இருக்கும், சுற்றிலும் தோட்டம் இராது. இப்பள்ளிகளின் மூலிகைத் தோட்டங்களில் துளசியும் கற்றாழையும் ஓமவல்லியும் அழகிய பலகைகளுடன் வளர்கின்றன. வேலிக்கு வெளியே வளரும் களைகளின் பெயர்கள் பாட்டிமாரிடம் இருக்கின்றன. வெளிக்காட்டில் வேலை செய்த தலைமுறையில் இளையோருக்கே இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. மாணவரை வீட்டுக்கு அனுப்பிக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். என்ன செடி, என்ன பெயர், அதனை வைத்து என்ன வேலை செய்தீர்கள் என்னும் மூன்று வினாக்கள் போதும். மூன்றாவது வினாவைத் தவிர்த்தால் மீண்டும் மூலிகைப் பட்டியலே கிடைக்கும்.

இம்முறையில் என் மாணவர் சிலர் தஞ்சோங் ரம்புத்தானிலும் செம்மோரிலும் திரட்டிய குறிப்பேடு என்னிடம் உள்ளது. அது முறையான தரவு எனக் கூற மாட்டேன். ஒரே செடிக்கு அடுத்தடுத்த தோட்டங்களில் வெவ்வேறு பெயர்கள் வருகின்றன. ஒரே பெயர் இரு செடிகளுக்கு வருகின்றது. படங்களில் பாதி தெளிவாக இல்லை. மரங்களுக்கு அடியில் படர விடும் மூடுபயிர்க் கொடி ஒன்றை மூவர் மூன்று பெயரால் குறித்துள்ளனர். ஒருவர் அதனைப் 'பூனைக்காலி' என்றார். தமிழகத்துப் பூனைக்காலியோடு அது ஒரே பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். அவ்வாறாயின், கடல் கடந்து வந்த ஒருவர் அறியாத கொடியில் அறிந்த கொடியின் சாயலைக் கண்டு பெயரை மாற்றி நட்டிருக்கின்றார். இலையும் காயும் உலர்த்தி வைக்கப்பட்டுள்ளன. பருவ விடுமுறைக்குப்பின் தாவரவியல் துறையினர் பார்த்துச் சொல்வதாக இசைந்துள்ளனர்.